கன்றுக்கு அப்பன் யார்?

சினை ஊசி போட்ட தேதி தெரியும். எந்தக் காளையின் ஊசி என்பது தெரியாது. சேலம், நாமக்கல் கட்டுத்தரைகளில் சத்தமில்லாமல் தலைமுறை தாண்டும் பரம்பரைப் பழுதுகள் பற்றிய அலசல்.

ஊர்ப் பெயர்தான் புதன்சந்தை. மாடு கூடுவதென்னவோ செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவே சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையோரம் லாரிகளும் டெம்போக்களும் வந்து சேர்ந்துவிடும். விடிவதற்கு முன்பே கைபேசி வெளிச்சத்தில் வியாபாரம் சூடு பிடிக்கும். ஒருவர் மாட்டின் உதட்டை விலக்கிப் பல் பார்க்கிறார். இன்னொருவர் நெற்றியிலும் முதுகிலும் சுழி தேடுகிறார். மற்றொருவர் குனிந்து மடியைத் தட்டி, நாலு காம்பிலும் ஒவ்வொரு பீச்சு பீச்சிப் பார்க்கிறார். “எத்தனாவது ஈத்து?” “நேரத்துக்கு எத்தனை லிட்டர்?” “சினை எத்தனை மாசம்?” கேள்விகளுக்குக் குறைவில்லை. கடைசியில் தரகர் துண்டை விரிக்கிறார். துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசி முடிக்கின்றன.

ஒரு கேள்வி மட்டும் அங்கே எழுவதே இல்லை. இந்த மாட்டுக்கு அப்பன் யார்?

இதே மனிதர் பெண் பார்க்கப் போனால், காபித் தம்ளரைக் கையில் வாங்குமுன் “நீங்க என்ன கூட்டம்?” என்று கேட்டுவிடுவார். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பேச்சு அதோடு முடிந்தது. மனிதருக்கு இவ்வளவு கறாராக முறை பார்க்கிற கொங்குச் சீமையில், கட்டுத்தரையில் நிற்கும் கிடாரிக்கும் அதற்குப் போடப்படும் ஊசிக்கும் என்ன உறவு என்று கேட்க ஆளில்லை. ‘பாலைப் பார்த்துப் பசுவைக் கொள், தாயைப் பார்த்து மகளைக் கொள்’ என்கிற பழமொழியிலும் அப்பனைக் காணோம்!

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கான விலையை உலகம் முழுக்க மாடு வளர்ப்பவர்கள் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எழுதி வைக்க நோட்டுதான் இல்லை.

காளை போய்க் குச்சி வந்தது

ஒரு காலத்தில் பசு பருவத்துக்கு வந்து கத்தினால், ஊரில் பூச்சிக்காளை வைத்திருப்பவர் தோட்டத்துக்கு ஓட்டிப் போவார்கள். காளையின் நடை, திமில், குணம் எல்லாம் ஊருக்கே தெரியும். தேறாத காளைக்கன்றைக் காயடித்து ஏருக்குப் பூட்டிவிடுவார்கள். பழுதைக் கழித்துக்கட்ட அன்றைக்கு இருந்த வழி அது.

1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமரன் இந்தியாவின் முதல் செயற்கைக் கருவூட்டலைச் செய்து காட்டினார். பிறகு உறைவிந்து வந்தது, ஜெர்சியும் ஹோல்ஸ்டீன் பிரீசியனும் வந்தன, பால் பெருகியது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 19 கோடியே 25 லட்சம் மாடுகளில் ஐந்து கோடிக்கு மேல் கலப்பின, வெளிநாட்டு மாடுகள். தமிழ்நாட்டில் உதகை, ஓசூர், ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் காளைகள் நிற்கின்றன. அவற்றின் விந்து குச்சிகளில் அடைபட்டு, நைட்ரஜன் குடுவையில் ஏறி, பைக்கில் ஊர் ஊராகப் போகிறது. காளையைக் கண்ணால் பார்த்த விவசாயி அநேகமாக யாரும் இல்லை.

இந்த ஏற்பாட்டினால் வந்த நன்மை பெரிது. ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் பால் சொசைட்டிப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே ஏற்பாட்டில்தான் சிக்கலும் இருக்கிறது. ஊர்க் காளைக்குப் பழுது இருந்தால் கெடுவது ஓர் ஊர். குச்சிக் காளைக்குப் பழுது இருந்தால், அந்தக் குச்சி போகிற மாவட்டமெல்லாம் கெடும்.

---
பெட்டிச் செய்தி: குச்சிக்குள் என்ன இருக்கிறது?

• ஒரு குச்சியின் கொள்ளளவு கால் மில்லி. அதற்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள்.
• திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். காளை செத்த பிறகும் அதற்குக் கன்று பிறக்கும்.
• போடும்போது 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டும்.
• குச்சியின் மேலேயே காளையின் இனம், எண், உற்பத்தி நிலையம், தேதி அச்சாகியிருக்கும். ஊசி போட்டு முடித்ததும் அந்தக் குச்சி பெரும்பாலும் குப்பைக்குழிக்குப் போகிறது.
---

ஒளிந்து வரும் பழுது

பரம்பரைப் பழுது என்றால் அது காளையின் உடம்பிலேயே தெரியும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பெரும்பாலான பழுதுகள் ஒளிந்துதான் வருகின்றன. ஒவ்வொரு மரபணுவிலும் கன்றுக்கு அப்பனிடமிருந்து ஒரு பிரதி, ஆத்தாளிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது சமாளித்துவிடும். அப்படிப்பட்ட மாடு கொழுகொழுவென்று இருக்கும், பால் கறக்கும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். பழுதைச் சுமக்கும், ஆனால் காட்டாது.

சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேரும்போதுதான் வினை. அப்போது பிறக்கும் கன்றுகளில் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டு பிரதியும் கெட்டதாக வாய்க்கும். சுமக்கும் காளையின் விந்தையே அதன் மகள்களுக்குப் போட்டால், தாய்ப்பசுக்கள் சுத்தமாக இருந்தால்கூட, எட்டுக்கு ஒரு கன்று அடிபடும்.

மகளுக்கே அப்பன் விந்தா? நடக்க வாய்ப்பில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று போட்ட ஊசிக்கு ஒன்பது மாதத்தில் கிடாரிக் கன்று பிறக்கிறது. அது ஒன்றரை, இரண்டு வயதில் பருவத்துக்கு வருகிறது. ஆக, மூன்று ஆண்டுக்குள் அந்தக் காளையின் மகள்கள் ஊர் முழுக்க ஊசிக்குத் தயார். அதே காளையின் குச்சிகள் அப்போதும் அந்தக் குடுவையில் இருந்தால்? எண்ணைக் குறித்து வைக்காத விவசாயிக்கு அது தெரியவே போவதில்லை. தெரியாமலே பங்காளிக்குள் சம்பந்தம் முடிந்துவிடுகிறது.

நமக்குச் சாதகமான ஒன்றும் இதில் உண்டு. நாட்டுப் பசுவுக்கு முதன்முதலில் ஹோல்ஸ்டீன் ஊசி போட்டபோது, ஹோல்ஸ்டீனுக்கே உரிய பழுது நாட்டுப் பசுவிடம் இல்லாததால் கன்றுகள் தப்பின. ஆனால் இன்று நம் கட்டுத்தரையில் நிற்பவை மூன்றாவது, நான்காவது தலைமுறைக் கலப்பினங்கள். கறுப்பு வெள்ளை மாட்டுக்கு மேலும் மேலும் கறுப்பு வெள்ளை ஊசியையே கேட்டு வாங்கும்போது, அந்தப் பாதுகாப்பு தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துகொண்டே வருகிறது. சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்கிற இனவிருத்திக் கொள்கையைக் கட்டுத்தரை எப்போதோ தாண்டிவிட்டது.

பேர் பெற்ற காளைகள் விட்டுச்சென்றவை

அமெரிக்காவில் 1962-இல் பிறந்த ‘பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்’ ஹோல்ஸ்டீன் உலகின் பெருந்தலைகளில் ஒன்று. நேர் மகள்கள் மட்டும் 16,000. அதன் வழி வந்த மாடுகளால் கூடிய பாலின் மதிப்புப் பல நூறு கோடி டாலர். அதே காளை ஒரு மரபணுக் கோளாறையும் சுமந்திருந்தது. இரண்டு பிரதியும் கெட்ட கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். அந்த ஒரு கோளாறால் உலகம் முழுக்கச் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று 2016-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஐம்பது ஆண்டுக் காலம் அது யாருக்கும் தெரியாமலே இருந்தது. ‘சினை நிற்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1974-இல் பிறந்த ‘கார்லின் எம் ஐவன்ஹோ பெல்’ இன்னொரு நட்சத்திரம். அது சுமந்தது இரண்டு பழுது. ஒன்று ‘பிளாட்’ எனப்படும் வெள்ளையணுக் குறைபாடு. மற்றொன்று முதுகெலும்பு கோணிக் கன்று செத்துப் பிறக்கும் நோய்.

இறைச்சிக்கென்றே மாட்டினம் வளர்க்கும் பண்ணைகளும் தப்பவில்லை. 1940, 50-களில் அமெரிக்க ஹியர்ஃபோர்டு பண்ணையாளர்களுக்குக் குட்டைக்காலும் கட்டுமஸ்தான உடலும் கொண்ட காளை என்றால் உயிர். தேடித் தேடி அவற்றையே பொலிக்கு விட்டார்கள். விளைவு, மூச்சு முட்டி வளராமல் நிற்கும் குள்ளக் கன்றுகள். குள்ளப் பழுதைச் சுமந்த காளைகளையே அழகு என்று அவர்கள் பொறுக்கி எடுத்திருந்தார்கள்.

2008-இல் ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்தில் முதுகு வளைந்து, கால் மடங்கி விறைத்துச் செத்துப் பிறந்த கன்றுகளின் வம்சாவளியைத் துழாவியபோது, ‘ஜி.ஏ.ஆர். ப்ரிசிஷன் 1680’ என்ற புகழ்பெற்ற காளையில் போய் நின்றது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் பீவர் சில மாதங்களில் பரிசோதனை முறையைக் கண்டுபிடித்தார். எந்தெந்த மாடு சுமக்கிறது என்று அனைவரும் பார்க்கும்படி பதிவானது. சுமக்கும் மாடுகள் பல இறைச்சிக்குப் போயின, சுத்தமானவை இனவிருத்திக்கு நின்றன. ஒரே விந்தால் பரவியதை அவ்வளவு வேகமாக மடக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கன்றுக்கும் அப்பன் பெயர் எழுதப்பட்டிருந்ததுதான்.

---
பெட்டிச் செய்தி: காளையிடம் கேட்கப்படும் நான்கு கேள்விகள்

இந்திய அரசின் குறைந்தபட்சத் தர நெறிமுறைப்படி, விந்து நிலையத்தில் சேர்க்கும் காளைகளுக்குக் காசநோய், கன்றுவீச்சு நோய் போன்ற தொற்றுகளோடு குரோமோசோம் சோதனையும் பரம்பரை நோய்ச் சோதனையும் உண்டு. ஹோல்ஸ்டீன் வழிக் காளைகளில் முக்கியமாகத் தேடப்படுபவை:

• பிளாட்: வெள்ளையணு கிருமியை எதிர்த்து வேலை செய்யாது. ஓயாத சளி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், ஆறாத காயம். கன்று பெரும்பாலும் ஒரு வயதைத் தாண்டாது.
• சிட்ருலினீமியா: ரத்தத்தில் அமோனியா ஏறும். நன்றாகப் பிறந்த கன்று ஒரு வாரத்துக்குள் வலிப்பு வந்து சாகும்.
• டம்ப்ஸ்: கரு சுமார் 40 நாளிலேயே அழிந்துவிடும்.
• ரத்த உறைவுக் காரணி 11 குறைபாடு: காயத்தில், கொம்பு தீய்த்த இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும்.

2006-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்திய ஹோல்ஸ்டீன் மாடுகளில் சிட்ருலினீமியாவும் டம்ப்ஸும் சுமக்கும் மாடு கிடைக்கவில்லை. பிளாட் சுமக்கும் மாடுகள் இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கின்றன.
---

கட்டுத்தரையில் விழும் அடி

நிலையத்துக் காளைகளுக்குச் சோதனை இருக்கும்போது நமக்கு என்ன கவலை? சோதனை என்பது தெரிந்த பழுதுக்குத்தான். சீஃபின் கோளாறுபோலக் கண்டுபிடிக்கப்படும்வரை ஒளிந்திருப்பவை எத்தனையோ. ஊரில் சொந்தக் காளை வைத்துச் சேர்ப்பவரிடமும், எங்கிருந்து வந்த குச்சி என்று சொல்லாமல் ஊசி போடுகிறவரிடமும் இந்தச் சோதனைச் சீட்டை எதிர்பார்க்க முடியாது.

பழுது வெளிப்படும்போது அது பழுதாகத் தெரிவதில்லை என்பதுதான் பெரிய கொடுமை. பிளாட் கன்று பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். இரண்டாம் வாரத்தில் கழிச்சல், மூன்றாம் வாரத்தில் சளி. ஊசி மருந்து போட்டால் தேறும், நிறுத்தினால் விழும். வீட்டுப் பெண்மணி பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார். “கண்ணு பட்டுடுச்சு” என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். கடைசியில் கன்றும் போய், மருந்துக் கடைக் கடனும் மிஞ்சும். அடுத்த ஈத்துக்கும் அதே காளையின் ஊசியே விழுந்தால், கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கரு அழியும் வகை இன்னும் மோசம். அதில் கண்ணுக்குத் தெரிய எதுவுமே இல்லை. ஊசி பிடிக்காத பசு 21 நாளில் மறுபடி கத்தும் என்பது விவசாயிக்குத் தெரியும். 21 நாள் தாண்டியதும் சினை நின்றுவிட்டதென்று நிம்மதியாக இருப்பார். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று பசு பருவத்துக்கு வரும். தாது உப்பு போதவில்லை என்பார்கள், கிழங்குத் திப்பியைக் குறை என்பார்கள், கர்ப்பப்பை கழுவ வேண்டும் என்பார்கள். அவையும் உண்மைக் காரணங்களாக இருக்கலாம். ஆனால் ‘காளை எது’ என்ற கேள்வி அந்தப் பட்டியலில் சேர்வதே இல்லை. கறவை வற்றி, தீனி மட்டும் தின்று நிற்கும் மாட்டை எத்தனை மாதம் கட்டி வைக்க முடியும்?

அப்புறம் அந்த மாடு புதன்சந்தைக்கு வருகிறது. இறைச்சிக்குப் போனால் பழுது அதோடு முடிகிறது. இந்தப் பழுதைச் சுமக்கும் மாட்டின் பாலையோ இறைச்சியையோ உண்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மடி நன்றாயிருக்கிறது என்று இன்னொரு விவசாயி வளர்ப்புக்கு வாங்கிப் போனால், மாட்டோடு பழுதும் ஊர் மாறுகிறது. கயிறு கைமாறும் இடத்தில் மாட்டின் வரலாறு அறுந்துவிடுகிறது.

---
பெட்டிச் செய்தி: எல்லாமே பரம்பரை இல்லை

• வறட்சியில் பசுந்தீவனமே காணாமல் வெறும் தட்டும் வைக்கோலும் தின்ற சினைப்பசு, வைட்டமின் ஏ குறைவால் குருட்டுக் கன்று ஈனலாம்.
• சில வைரஸ்கள் சினைப்பசுவைத் தாக்கினால் கால் மடங்கிய கன்று பிறக்கலாம்.
• கன்று வீசுவதற்குப் புரூசெல்லா கிருமி முக்கியக் காரணம். அது மனிதருக்கும் தொற்றும்; வீசிய கன்றை வெறுங்கையால் தொடக் கூடாது.
• காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பத்தில் ஒன்பது மலடாகும். இது கருப்பையில் ரத்தம் கலப்பதால் வருவது.
• இரட்டைத் தலைக் கன்று பெரும்பாலும் கரு வளர்ச்சியில் நேரும் விபத்து.

ஒரே காளையின் கன்றுகளில் ஒரே மாதிரிக் குறை மறுபடி மறுபடி வந்தால், அப்போது பரம்பரையைச் சந்தேகிக்க வேண்டும்.
---

நாட்டு மாட்டுக்கு வேறு கவலை

“அதற்குத்தான் நாட்டு மாடே மேல்” என்று சொல்பவர்கள் உண்டு. வெளிநாட்டு இனத்தின் பழுது நாட்டு மாட்டுக்கு இல்லை என்பது சரி. ஆனால் காங்கேயத்துக்கும் பர்கூருக்கும் ஆலம்பாடிக்கும் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. காளைகள் குறைந்துபோய்விட்டன. பத்து ஊருக்கு ஒரு காளை என்று ஆகிவிட்டால், அந்தக் காளை தன் மகளையும் பேத்தியையும் சேர்வதைத் தவிர வேறு வழி இல்லை. அப்பனும் மகளும் சேர்ந்த கன்றுக்கு உள்ளினச் சேர்க்கை 25 சதவீதம். ஒரே அப்பன், வேறு தாய் பிள்ளைகள் சேர்ந்தால் 12.5 சதவீதம். இந்த அளவு ஏற ஏற, கன்றின் எடை, பிழைக்கும் திறன், சினை பிடிக்கும் திறன் எல்லாம் இறங்கும்.

முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச்சந்தை என்று ஊர்விட்டு ஊர் மாடு கைமாறும்போது புது ரத்தம் கலந்தது. சாமிக்கு நேர்ந்து விட்ட கோயில் காளை எல்லை தாண்டித் திரிந்தது. டிராக்டர் வந்து உழவு மாட்டின் வேலை போனதும், அந்தக் கலப்பும் சுருங்கிப்போனது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பர்கூரில் ஆராய்ச்சி நிலையமும் தர்மபுரி மாவட்டத்தில் ஆலம்பாடிக்கென ஒரு மையமும் வைத்திருக்கிறது. இருக்கிற சில காளைகளை எப்படி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது என்பதுதான் அங்கே முதன்மையான வேலை.

இறைச்சிக்கென்றே வளர்க்கும் நம் ஊர் மேச்சேரி ஆட்டிலும் இதே கதை. முப்பது ஆட்டுக்கு ஒரு கிடா. பட்டியில் பிறந்ததிலேயே அழகான குட்டியைப் பொலிகிடாவாக விட்டுவிடுவது வழக்கம். அது சேர்வது அக்கா தங்கைகளை. சில ஆண்டுகளில் குட்டியின் எடை இறங்கும், சாவு கூடும். மழை, தீவனம் என்று பழி வேறெங்கோ போகும். பரிகாரம் எளிது: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேற்றுப் பட்டியிலிருந்து கிடா மாற்றுவது. பொட்டனேரியில் 1978 முதல் இயங்கும் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

சட்டமும் சிப்பும்

2019-இல் தமிழ்நாடு அரசு மாட்டின இனப்பெருக்கச் சட்டம் கொண்டுவந்தது. காளை, விந்து நிலையம், ஊசி போடுபவர் என அனைவருக்கும் பதிவும் தரச்சான்றும் வேண்டும் என்றது. நாட்டு மாட்டு ஆர்வலர்கள் கொதித்தார்கள். சான்று இல்லை என்று சொல்லி ஊர்க் காளைகளை ஒழித்துவிடுவார்கள் என்பது அவர்கள் அச்சம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கேள்வி கேட்க முடியாத குச்சி ஆபத்து. நாட்டுக் காளை இல்லாத ஊரும் ஆபத்து.

தொழில்நுட்பம் வேகமாகத்தான் வருகிறது. மாட்டின் மரபணுவைச் சோதிக்கும் சிப்களில், ஹைதராபாத் ஆய்வு நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘இண்டிகௌ’ 2021-இலும், ‘கௌ சிப்’ 2024 அக்டோபரிலும் வெளியாயின. மாட்டின் காதில் குத்தும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. அந்த எண்ணின் கீழ் ஊசி போட்ட தேதி, காளையின் எண், கன்று ஈன்ற விவரம் எல்லாம் கணினியில் ஏறும் வசதியும் இருக்கிறது. ஏற்றப்படுகிறதா என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. பத்தில் ஒன்பது கிடாரியாகவே பிறக்க வைக்கும் பாலினம் பிரித்த விந்தும் வந்துவிட்டது. கிடாரி கூடினால் ஒரே காளையின் மகள்களும் வேகமாகக் கூடுவார்கள். பதிவு இல்லாமல் இதில் இறங்குவது, பழுதுக்கு நாமே நெடுஞ்சாலை போட்டுக்கொடுப்பது போல.

நாமக்கல்லுக்கு இது புதிய பாடமும் அல்ல. இங்குள்ள முட்டைக்கோழிப் பண்ணைகளில் இறங்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் இனம் என்ன, பெற்றோர்க் கோழி எது, பாட்டன் வரிசை எது என்று எழுத்தில் உண்டு. ஒன்றரை ஆண்டு முட்டையிட்டுப் போகும் கோழிக்கு இவ்வளவு கணக்கு. எட்டுப் பத்து ஆண்டு வீட்டில் ஓர் ஆளாய் நிற்கும் பசுவுக்கு அப்பன் பெயர்கூடக் கிடையாது.

---
பெட்டிச் செய்தி: உடனே செய்யக்கூடியவை

• ஊசி போடும்போது காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, காளை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• கிடாரிக்கு முதல் ஊசி போடுமுன், அதன் அப்பன் எண்ணை ஊசி போடுபவரிடம் காட்டுங்கள். அதே எண் என்றால் வேறு குச்சி கேளுங்கள்.
• குறையோடு பிறந்த அல்லது காரணமின்றிச் செத்த கன்றை உடனே புதைக்காதீர்கள். படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். 1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.
• குறைக்கன்று ஈன்ற பசுவுக்கு அதே காளையின் ஊசியை மறுபடி போடாதீர்கள். அந்தக் கன்றின் உடன்பிறப்பைப் பொலிக்கு விடாதீர்கள்.
• அவசர உதவிக்கு: கால்நடை மருத்துவ ஊர்தி எண் 1962.
---

அரசு செய்ய வேண்டியதும் மூன்று உண்டு. ஊசி போட்டதும் காளை எண்ணோடு ரசீது தர வேண்டும். ஒரே காளையின் குச்சி ஒரே வட்டாரத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் தங்காதபடி மாற்ற வேண்டும். குறைக்கன்று பிறந்தால் பதிவு செய்ய மருந்தகம்தோறும் ஒரு நோட்டு வைக்க வேண்டும். ஆங்கஸ் பண்ணையாளர்கள் ஒரு காளையைச் சில மாதத்தில் பிடித்தார்கள் என்றால், அந்த மாதிரி நோட்டு அவர்களிடம் இருந்ததால்தான்.

நம் விவசாயிக்கு எழுதும் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. சேலம், நாமக்கல் பக்கம் எந்தத் தோட்டத்து வீட்டுக்குள் நுழைந்தாலும், சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டு ‘ஊசி’ என்று எழுதியிருக்கும். ஒன்பது மாதம் பத்து நாள் எண்ணுவதற்காகப் போட்டது. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் காளையின் எண்ணையும் எழுதுங்கள். வருடம் முடிந்ததும் காலண்டரைக் கழற்றி எறியாமல் பரணில் போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்து, அந்தக் கன்று கிடாரியாகி முதல்முறை கத்தும்போது தேவைப்படும்.